ஓடும் திரவத்தில் ஒளி கண்ட தமிழர்

காவிரி ஒரு பக்கம். கொள்ளிடம் மறு பக்கம். நடுவே ஒரு தீவு. அதுதான் ஸ்ரீரங்கம்.

அந்தத் தீவில் இரண்டு பெரிய கோவில்கள் உண்டு. ஒன்று ரங்கநாதர் கோவில். மற்றொன்று திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோவில். பஞ்சபூதத் தலங்களில் திருவானைக்காவல் நீருக்கு உரிய தலம். அங்கே கருவறையில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும்.

இந்த நீர்த் தலத்தில் 1888-ம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ந்தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கடல் நீர் ஏன் நீலமாக இருக்கிறது என்று பிற்காலத்தில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னது அந்தக் குழந்தைதான். ஓடுகிற திரவத்துக்குள் ஒளி என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் அதே குழந்தைதான்.

அவர் யார்?

அவர்தான் சர் சி.வி.ராமன்.

ராமன் நோபல் பரிசு வாங்கியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பரிசைத் தேடித் தந்த அதே 1928-ம் ஆண்டில் அவர் செய்து முடித்த இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து இங்கே பார்ப்போம்.

பத்து ரூபாய் சம்பளம்

ராமனின் தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாவது பிள்ளை.

தாய்வழிப் பாட்டனார் சப்தரிஷி சாஸ்திரி. அவர் பெரிய வடமொழிப் பண்டிதர். தர்க்க சாஸ்திரம் படிக்க வேண்டும் என்ற ஆசையால் தமிழ்நாட்டிலிருந்து வங்காளம் வரை நடந்தே போனவர். அந்தப் பாட்டனாரின் வீட்டில்தான் ராமன் பிறந்தார். படிப்புக்காக எத்தனை தூரமும் போகலாம் என்ற எண்ணம் அந்த வீட்டிலேயே இருந்தது.

தந்தை அப்போது திருச்சியில் பள்ளிக்கூட ஆசிரியர். மாதச் சம்பளம் 10 ரூபாய். ராமன் பின்னாளில் பெரிய மனிதர் ஆன பிறகும் இதை மறைக்கவில்லை. தாம் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

பணம் இல்லை. ஆனால் வீடு நிறையப் புத்தகங்கள் இருந்தன. தந்தைக்கு வயலினும் வாசிக்கத் தெரியும். எண்ணும் இசையும் கேட்டுப் பிள்ளை வளர்ந்தது.

1892-ல் தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. குடும்பம் திருச்சியை விட்டுக் கிளம்பியது. ராமனுக்கு அப்போது வயது நாலு.

பொடியன் வந்தான்!

ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். 13 வயதில் எப்.ஏ. தேறினார். பிறகு சென்னை ராஜதானிக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தார்.

மெலிந்த உடம்பு. சின்ன உருவம். வகுப்பில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து, வழி தவறி வந்த பள்ளிக்கூடப் பையனோ என்று வெள்ளைக்கார ஆசிரியர் நினைத்துவிட்டாராம்.

அந்தப் பொடியன் 1904-ல் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினான். பௌதிகத்துக்குத் தங்க மெடலும் வாங்கினான்.

எம்.ஏ. படிக்கும்போதே ஒளியைப் பற்றி அவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அது 1906-ல் லண்டனிலிருந்து வரும் பிலசாபிகல் மாகசின் என்ற பத்திரிகையில் அச்சாயிற்று. அப்போது வயது 18. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. தாமே பார்த்தார். தாமே எழுதினார்.

கணக்கு ஆபீசர்

இப்படிப்பட்ட மாணவனைச் சீமைக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்று பலர் விரும்பினார்கள். ஆனால் சென்னை டாக்டர் உடம்பைச் சோதித்துப் பார்த்தார். இங்கிலாந்துக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்.

என்ன செய்வது? அந்தக் காலத்தில் விஞ்ஞானம் படித்தவனுக்கு இங்கே வேலை ஏது? ராமன் சர்க்காரின் நிதி இலாகா பரீட்சை எழுதினார். முதல் இடம் பெற்றார்.

1907-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் லோகசுந்தரி. வீணை வாசிக்கத் தெரிந்தவர். அந்த ஆண்டிலேயே கல்கத்தாவில் துணை அக்கவுண்டண்ட் ஜெனரல் உத்தியோகம் கிடைத்தது. புதுமணத் தம்பதிகள் ரயில் ஏறினார்கள்.

நல்ல சம்பளம். பெரிய பதவி. இனி ஆராய்ச்சி எதற்கு என்று வேறு யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள்.

டிராம் வண்டியில் பார்த்த பலகை

ஒரு நாள் ராமன் டிராம் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். பௌ பஜார் தெருவில் ஒரு கட்டடத்தில் பெயர்ப் பலகை தெரிந்தது. விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது.

ராமன் இறங்கி ஓடினார். கதவைத் தட்டினார். ஆசுதோஷ் தேய் என்பவர் கதவைத் திறந்தார். உள்ளே கருவிகள் தூசி படிந்து கிடந்தன. 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் இந்தச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். இந்தியர் தாமே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் அங்கே வந்து ஆராய்ச்சி செய்ய ஆள்தான் இல்லை.

இப்போது ஆள் வந்துவிட்டார்!

அன்று முதல் ராமனின் நாள் இரண்டாகப் பிரிந்தது. விடியற்காலை சங்கத்துக்குப் போவார். பத்து மணிக்குள் வீட்டுக்கு ஓடி வந்து குளித்துச் சாப்பிட்டு ஆபீசுக்குப் போவார். ஐந்து மணிக்கு ஆபீசிலிருந்து நேரே சங்கத்துக்குப் போவார். வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து ஆகும்.

பகலில் சர்க்கார் கணக்கு. காலையும் மாலையும் இயற்கையின் கணக்கு. இப்படியே பத்து ஆண்டுகள் ஓடின. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். அங்கே வீட்டிலேயே ஓர் அறையில் ஆராய்ச்சி செய்தார்.

நம் மிருதங்கத்தையும் தபேலாவையும் அவர் விடவில்லை. சாதாரணக் கொட்டு வெறும் சத்தம்தான் தரும். மிருதங்கம் மட்டும் சுருதி சேர்ந்து இனிமையாகப் பேசுவது ஏன்? நடுவில் வைக்கும் கறுப்புச் சாதம்தான் காரணம் என்று விளக்கினார். இதைப் பற்றி 1920-ல் எழுதினார். தஞ்சை, திருச்சிக் கச்சேரிகளில் நாம் கேட்டு ரசிக்கும் ஓசைக்கு விஞ்ஞான விளக்கம் தந்தவர் அவர்.

பாதிச் சம்பளம் போதும்

1917-ல் ஒரு சோதனை வந்தது.

கல்கத்தா சர்வகலாசாலையில் பாலித் பேராசிரியர் என்ற பதவியை ஏற்படுத்தினார்கள். சர் ஆசுதோஷ் முகர்ஜி அதை ராமனுக்குக் கொடுக்க விரும்பினார். ஆனால் சம்பளம்? சர்க்கார் வேலையில் வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும். ராமன் மறுத்துவிட்டார். இந்த நாட்டில் கற்ற வித்தை போதாதா என்பது அவர் எண்ணம். கடைசியில் நிபந்தனையைத்தான் விட்டுக்கொடுத்தார்கள். ராமன் விட்டுக்கொடுக்கவில்லை.

மனைவி, குடும்பம் உள்ளவர் பெரிய உத்தியோகத்தை உதறுவது எளிதா? சிலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்திருக்கலாம். ராமன் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பாதிச் சம்பளத்துக்கு முழு நேரமும் ஒளியோடு வாழலாம். அதுவே லாபம் என்று கருதினார்.

கடல் ஏன் நீலம்?

1921-ல் ராமன் முதன்முதலாகக் கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். திரும்பி வரும்போது நர்குண்டா என்ற கப்பல். மத்தியதரைக் கடல் ஆழ்ந்த நீலமாக விரிந்து கிடந்தது.

வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று பெரிய விஞ்ஞானி ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமனுக்குச் சந்தேகம். பையில் ஒரு சிறு படிகக் கருவி வைத்திருந்தார். அதற்கு நிக்கோல் பட்டகம் என்று பெயர். அதன் வழியே பார்த்தால் நீரின் மேல் பட்டுத் திரும்பும் வானத்தின் ஒளியை மறைத்துவிடலாம்.

மறைத்துப் பார்த்தார். நீலம் போயிற்றா? இல்லை. இன்னும் அழகாகத் தெரிந்தது!

நீரே ஒளியைச் சிதறடிக்கிறது. அதனால்தான் கடல் நீலம் என்று ராமன் தெளிந்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்ததும் அதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்.

வத்திராயிருப்பு வாலிபர்

கல்கத்தாவில் ராமனிடம் இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் கே.எஸ்.கிருஷ்ணன். ராமநாதபுரம் சீமையில் இருந்த வத்திராயிருப்பைச் சேர்ந்தவர். 1898-ல் பிறந்தவர். அமைதியானவர். தமிழிலும் வடமொழியிலும் நல்ல புலமை உள்ளவர்.

ராமன் புயல். கிருஷ்ணன் தென்றல். இருவரும் சேர்ந்து ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாப் பொருளும் மூலக்கூறுகளால் ஆனது. அணுக்கள் சில சேர்ந்த கூட்டம்தான் மூலக்கூறு. கண்ணுக்குத் தெரியாது. அது எப்படி இருக்கும்? கோலி குண்டு மாதிரி உருண்டையா? நெல்மணி மாதிரி நீளமா? நாணயம் மாதிரித் தட்டையா?

கண்ணால் பார்க்க முடியாத ஒன்றின் வடிவத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஒளியை உள்ளே அனுப்பி, அது வெளியே வரும் விதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளறினால் ஒளி தெரியும்!

இங்கே ஒரு வேடிக்கையான சோதனையைச் சொல்ல வேண்டும்.

நிமிர்ந்த கம்பிகள் உள்ள ஜன்னல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியை நிமிர்த்திப் பிடித்தால் கம்பிகளுக்கு நடுவே நுழைந்துவிடும். படுக்க வைத்துப் பிடித்தால் கம்பியில் தட்டும். அதற்குப் பின்னால் இன்னொரு ஜன்னல். அதில் கம்பிகள் படுத்திருக்கின்றன. முதல் ஜன்னலில் நுழைந்த குச்சி இரண்டாவதில் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

ஒளிக்கும் இப்படி ஜன்னல்கள் உண்டு. ராமன் கப்பலில் வைத்திருந்த பட்டகம் அப்படி ஒன்றுதான். இரண்டு பட்டகங்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் ஒளி வராது. ஒரே இருட்டு.

நடுவில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்தாலும் இருட்டுத்தான். ஆனால் 1873-ல் மாக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து நாட்டு மேதை ஓர் அதிசயத்தை வெளியிட்டார். கனடா தேசத்து மரப் பிசினை நடுவில் வைத்தார். இருட்டு. பிசினைக் கிளறினார். வெளிச்சம்! கிளறுவதை நிறுத்தினார். மறுபடியும் இருட்டு!

ஓடும் திரவம் ஒளிக் குச்சியைத் திருப்பிவிட்டுவிடுகிறது. அதனால் இரண்டாவது ஜன்னலையும் ஒளி தாண்டுகிறது.

பிறகு இதை அளப்பதற்கு ஒரு கருவி செய்தார்கள். ஒரு டம்ளருக்குள் இன்னொரு சிறிய டம்ளர் இருப்பதுபோன்ற கருவி. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் திரவம். ஒன்றைச் சுழற்றினால் சந்தில் உள்ள திரவம் ஓடும். அப்போது இருட்டிலிருந்து ஒளி வளையம் ஒன்று எழும். வளையத்தில் ஒரு கறுப்புச் சிலுவை தெரியும். சிலுவை நிற்கும் கோணத்தைப் பார்த்தால் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

ஜெர்மனியில் வோர்லாண்டர், வால்டர் என்ற இருவர் பல திரவங்களைச் சுழற்றி அளந்து 1925-ல் வெளியிட்டார்கள். ஒரு திரவம் அதிகம் ஒளிர்ந்தது. இன்னொன்று குறைவாக ஒளிர்ந்தது. ஏன் இந்த வித்தியாசம்?

காவிரியே பாடம்

பதில் சொன்னவர்கள் ராமனும் கிருஷ்ணனும்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்று காவிரியைப் பாருங்கள். நடு ஆற்றில் நீர் வேகமாக ஓடும். கரையோரம் மெல்ல ஊரும். திரவம் எங்கே ஓடினாலும் இப்படித்தான். ஓர் அடுக்கு வேகம். அடுத்த அடுக்கு நிதானம். இரண்டும் உராய்ந்துகொண்டு போகும்.

ஒரு சதுரக் கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பை வலப்பக்கமும் கீழ் விளிம்பை இடப்பக்கமும் இழுங்கள். கைக்குட்டை சாய்ந்துவிடும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை நீளும். மற்ற இரண்டு மூலைகளும் நெருங்கும்.

ஓடும் திரவத்தின் ஒவ்வொரு துளியும் இப்படித்தான் ஒரு பக்கம் இழுபடுகிறது. மறு பக்கம் நசுங்குகிறது. மூலக்கூறு கோலி குண்டாக இருந்தால் அதற்குத் திரும்ப வேண்டிய வேலை இல்லை. நெல்மணி மாதிரி நீளமாக இருந்தால் இழுபடும் பக்கம் பார்த்துக் கொஞ்சம் சாயும்.

ஆனால் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. வெப்பத்தால், சந்தைக் கூட்டம்போல் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஓட்டம் ஒழுங்குபடுத்தப் பார்க்கும். வெப்பம் கலைக்கப் பார்க்கும். இந்தப் போட்டியில் கோடியில் கொஞ்சம் சாய்வுதான் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்தைத்தான் ஒளி கண்டுபிடித்துக் கொடுக்கிறது.

இதைக் கணக்காக எழுதி ராமனும் கிருஷ்ணனும் 1928-ல் பிலசாபிகல் மாகசினில் வெளியிட்டார்கள். 18 வயதில் ராமனின் முதல் கட்டுரை வந்த அதே பத்திரிகை! திரவத்தின் கெட்டித்தன்மை, மூலக்கூறின் வடிவம், ஒளி இந்த மூன்றையும் ஒரே கணக்கில் கட்டிப் போட்டது அந்தக் கட்டுரை.

சிறிய மூலக்கூறுகள் கொண்ட சாதாரணத் திரவங்களுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். பெரிய மூலக்கூறுகளுக்குப் பின்னால் வந்தவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். ஆனாலும் வழியில் முதல் விளக்குகளில் ஒன்றை ஏற்றி வைத்தவர்கள் இந்த இரண்டு தமிழர்கள்.

பிப்ரவரி 28

அதே ஆண்டு, அதே சங்கம், அதே இருவர்.

ஒரே நிறமுள்ள ஒளியைச் சுத்தமான திரவத்துக்குள் அனுப்பினார்கள். வெளியே சிதறி வந்த ஒளியில் மிகமிகக் கொஞ்சம் மட்டும் நிறம் மாறி வந்தது. 28-2-1928 அன்று ராமன் இதை உறுதி செய்தார். எவ்வளவு நிறம் மாறுகிறது என்பது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வேறுபடும். மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, மூலக்கூறுக்கு இது அப்படி!

இதுதான் ராமன் விளைவு. மருந்து உண்மையானதா, வைரம் போலியா என்று பார்க்க இன்றும் இது உதவுகிறது. 1987 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ந்தேதியைத் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம்.

1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்துக்காக அந்தப் பரிசு வாங்கிய முதல் ஆசியர் ராமன்தான். பரிசு கிடைக்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அறிவிப்பு வருமுன்பே கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார்!

ஸ்டாக்ஹோம் நகரில் பரிசு வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே பிரிட்டிஷ் கொடி. தம் நாட்டுக்கென்று ஒரு கொடி இல்லையே என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது.

பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணனுக்கும் பங்கு தந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. ராமன் தமது நோபல் உரையில் கிருஷ்ணனின் பெயரைச் சொன்னார். கிருஷ்ணன் பின்னாளில் டில்லியில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டராக இருந்து 1961-ல் காலமானார்.

பெங்களூரில்

1933-ல் ராமன் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கு டைரக்டராகப் போனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

ராமன் பெரிய மேதை. ஆனால் குறையே இல்லாதவர் அல்ல. முன்கோபி. நினைத்ததைச் சட்டென்று செய்வார். பகை வளர்ந்தது. 1937-ல் டைரக்டர் பதவியை விட்டார். பேராசிரியராக மட்டும் 1948 வரை இருந்தார்.

இன்னொரு குறையும் உண்டு. கமலா என்ற பம்பாய்ப் பெண் படிக்க இடம் கேட்டபோது, பெண் என்பதற்காக ராமன் மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. நேரில் வந்து வாதாடி இடம் பெற்றாள். அவள் திறமையைக் கண்ட பிறகு ராமன் மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். தவறு செய்தார். ஆனால் கண்ணால் கண்ட உண்மைக்குப் பணிந்தார். பிற்காலத்தில் வானிலை ஆராய்ச்சியில் புகழ் பெற்ற அன்னா மணியும் ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர்தான்.

1948-ல் ராமன் தம் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். சர்க்கார் பணம் வேண்டாம் என்றார். தாமே ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். முத்துச் சிப்பி, வண்ணத்துப் பூச்சி, மயிலிறகு, வைரம், ரோஜாப்பூ எல்லாம் அங்கே இருந்தன. வண்ணம் காட்டும் எதையும் அவர் விடவில்லை. 1954-ல் பாரத ரத்னா பட்டம் வந்தது.

கூடப் பிறந்த புதிர்

ராமன் பிறந்த அதே 1888-ம் ஆண்டில் பிராகா நகரில் ரைனிட்சர் என்ற தாவர விஞ்ஞானி ஒரு புதிரைக் கண்டார். கேரட் கிழங்கிலிருந்து எடுத்த ஒரு பொருள் சுமார் 145 டிகிரி சூட்டில் உருகியது. ஆனால் கலங்கலாக இருந்தது. சுமார் 178 டிகிரிக்கு மேல்தான் தெளிந்தது. இரண்டு முறை உருகும் பொருள்!

நடுவில் இருந்த அந்தக் கலங்கல் என்ன? அதுதான் திரவப் படிகம்.

கற்கண்டு படிகம். அதில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். கற்கண்டைக் கரைத்த பானகத்தில் அந்த ஒழுங்கு இல்லை. திரவப் படிகம் பானகம்போல் ஓடும். ஆனால் மூலக்கூறுகள் வைகுண்ட ஏகாதசிக்கு வரிசையில் நிற்கும் ஜனங்களைப்போல் ஒரே முகமாக நிற்கும். சாதாரணத் திரவத்தை ஓட்டினால்தான் கொஞ்சம் ஒழுங்கு வரும். திரவப் படிகத்திலோ ஓடாமலே ஒழுங்கு உண்டு.

ராமனின் தங்கை மகன் எஸ்.சந்திரசேகர். மாமனிடமே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். அவர் இந்தத் துறையைப் பிடித்துக்கொண்டார். நீளமான குச்சி மூலக்கூறுகளால்தான் திரவப் படிகம் உண்டாகும் என்று உலகம் எண்ணியிருந்தது. 1977-ல் ராமன் நிலையத்தில் சந்திரசேகரும் அவருடைய தோழர்களும் நாணயம்போல் தட்டையான மூலக்கூறுகளும் தூண் தூணாக அடுக்கி நிற்கும் என்று காட்டினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அவர் 2004-ல் காலமானார்.

மோர் போன்ற திரவம்

இப்போது ஓட்டத்தையும் ஒழுங்கையும் சேர்த்துப் பாருங்கள்.

பாலிமர் என்றால் நீண்ட சங்கிலி மூலக்கூறு. இடியாப்ப இழைபோல் நீளமானது. சில பாலிமர்கள் திரவப் படிகமாகவும் இருக்கும். 1965-ல் அமெரிக்காவில் ஸ்டெபானி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானி அப்படி ஒரு கரைசல் செய்தார். அது மோர்போல் கலங்கி இருந்தது. கிளறினால் பளபளத்தது. நூல் நூற்கும் இயந்திரத்தில் அதை ஊற்றவே ஆட்கள் தயங்கினார்கள். வற்புறுத்தி ஊற்றச் செய்தார். வந்த நூல் எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலுவாக இருந்தது! அதன் பெயர் கெவ்லார். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் சட்டை அதில் செய்கிறார்கள்.

அந்த வலு எங்கிருந்து வந்தது? சிறு துளை வழியே ஓடும்போது சங்கிலிகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பி நிற்கின்றன. உறையூர்த் தறியில் பாவு நூல்கள் நிற்பதுபோல!

இத்தகைய திரவத்தை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, குறுக்கு ஜன்னல்களுக்கு இடையே பூதக்கண்ணாடியால் பார்ப்பார்கள். ஓடும்போது ஒளி ஒருவிதம். ஓட்டம் நின்றதும் இன்னொரு கோலம். ஓடிய திசைக்குக் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாகத் தோன்றும். இழுத்துப் பிடித்த கயிற்றை விட்டால் அது தளர்ந்து நெளியும் அல்லவா? அதேபோல் இழுபட்ட சங்கிலிகள் எல்லாம் ஒன்றாகத் தளர்ந்து நெளிகின்றன. அந்த நெளிவுதான் வரிகளாகத் தெரிகிறது. நூல் நன்றாக வருமா, பிளாஸ்டிக் உறுதியாக இருக்குமா என்று தெரிந்துகொள்ள இந்த வரிகள் உதவுகின்றன.

கிளறினால் ஏன் ஒளி வருகிறது என்று 1928-ல் இரண்டு தமிழர்கள் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை.

ஒரு மரம் போதும்

ஆண்டுதோறும் காந்தி ஜயந்தி அன்று ராமன் தம் நிலையத்தில் சொற்பொழிவு செய்வது வழக்கம். 2-10-1970 அன்றும் பேசினார். காது ஒலியை எப்படிக் கேட்கிறது என்பது பேச்சு. அப்போது வயது 81. அதுவே அவருடைய கடைசிச் சொற்பொழிவு.

21-11-1970 அன்று பெங்களூரில் காலமானார். தமக்குச் சமாதி, சிலை எதுவும் வேண்டாம், ஒரு மரம் போதும் என்பது அவர் விருப்பம். நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.

பத்து ரூபாய் சம்பளக்காரரின் மகன். சீமையில் படிக்கவில்லை. உத்தியோகத்தை விட்டார். பாதிச் சம்பளம் வாங்கினார். விலை உயர்ந்த கருவிகள் இல்லை. ஆனால் ஒரு சிறு படிகத்தை எப்போதும் பையில் வைத்திருந்தார். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டார்.

அடுத்த முறை காவிரிக் கரைக்குப் போனால், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். நடு ஆற்றில் நீர் ஏன் வேகமாக ஓடுகிறது, கரையில் ஏன் மெல்லப் போகிறது என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். ராமனும் அப்படித்தான் தொடங்கினார்.